நாலு மணிப் பெரியம்மா

என் மாமியார் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் அவருக்காக ஒரு கூட்டம் போட்டார்கள். நர்ஸ்கள் பாடம் படிக்கிற கூடத்தில் நாற்காலி போதாமல் ஜனம் சுவரோரம் நின்றது. என் மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க பாட்டி எண்பத்தாறு வயசு வரைக்கும் வாழ்ந்தாங்க. அதுல ஒரு பொய் சொன்னதில்லை" என்றாள். கை தட்டினார்கள். மூக்கைச் சிந்தினார்கள். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து இருமினேன். பக்கத்திலிருந்த என் மனைவி என் தொடையைக் கிள்ளினாள்.

கிள்ளிவிட்டால் ஆச்சா? அந்த அம்மா ஏழு வருஷம், வாரத்தில் ஆறு நாள், சாயங்காலம் நாலு மணி அடித்ததும் பொய் சொன்னவர். சொன்னது அவர், எழுதினது நான். மகளுக்கு அப்போது பல் விழுந்து முளைக்கிற வயது. அவளுக்கு என்ன தெரியும்?

நான் அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவல். அந்த வேலைக்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டும்: யாரையும் நம்பக் கூடாது. எனக்கு அது பிறவியிலேயே இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் என் கூண்டு. கூண்டுச் சுவரில் ஒரு பலகை, பலகை நிறைய ஆணி, ஆணிக்கு ஒரு தகர வில்லை. வில்லையில் வார்டு நம்பரும் படுக்கை நம்பரும் அடித்திருக்கும். நாலிலிருந்து ஆறு வரை பார்வை நேரம். வருகிறவர் நோயாளியின் பெயரையும் தனக்கு என்ன உறவு என்பதையும் சொல்ல வேண்டும். நான் நோட்டில் எழுதி வில்லையைக் கொடுப்பேன். திரும்பிப் போகும்போது வாங்கி மாட்டுவேன். உறவில்லாதவருக்கு வில்லை இல்லை. இந்தச் சட்டத்தைக் கிறுக்குப் பிடித்தவர்கள் போடவில்லை. படுக்கையடியில் இருக்கும் பையைத் தூக்குகிறவன், ஆள் எப்போது சாவான் என்று பார்த்துவிட்டுப் போகிற சவப்பெட்டிக்காரன், இவர்களெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் முன்னால் நின்றிருக்கிறார்கள். சவப்பெட்டிக்காரன் ஒருவன் ஒரே வாரத்தில் நாலு பேருக்குச் சித்தப்பா ஆனான்.

மாமனார் இறந்த பிறகு மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். ஒருநாள் நான் மூக்குக் கண்ணாடியை மறந்து போய்விட்டேன் என்று எடுத்துக்கொண்டு வந்தார். மணி அஞ்சரை இருக்கும். கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவர், பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, இதெல்லாம் இன்னும் தொங்குது?"

"ஆள் வரலை அத்தை."

"வரலைன்னா?"

"வரலைன்னா வரலை. யாரும் இல்லாதவங்க இருக்காங்க. இருந்தும் இல்லாதவங்க இருக்காங்க."

அவருக்குப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். விரலை மடக்கி மடக்கி எண்ணினார். பதினொன்று.

"அந்தக் கோடியில தொங்கறது யாரு?"

"மூணாம் வார்டு, பதினாலு. வயசான தையல்காரர் ஒருத்தர்."

"நான் அவருக்குத் தங்கச்சி. எழுதுங்க."

"அத்தை, உங்க கூடப் பிறந்தவங்க மூணு பேரு. மூணு பேரும் என் கல்யாணத்துல சாப்பாட்டைக் குறை சொன்னவங்க, முகம் மறக்கலை. இந்த அண்ணன் எங்கேர்ந்து வந்தார்?"

"இப்பத்தான் வந்தார். எழுதுங்க, ஆறு மணி ஆயிடப் போகுது."

பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மாமியாரோடு வாசலில் மல்லுக்கு நிற்கிற மருமகனை வேடிக்கை பார்க்க ஊருக்குக் கசக்குமா? எழுதித் தொலைத்தேன். ஒரு பொய் எழுதினவனுக்கு அடுத்தது எழுதக் கை கூசாது.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஆளைப் பொறுத்து உறவு மாறும். தன்னைவிட மூத்தவருக்குத் தங்கை, ஒத்தவருக்கு அக்கா, சின்னவருக்குப் பெரியம்மா. எனக்கு நம்பிக்கை இல்லை. சும்மா ஒருத்தர் இப்படிச் செய்வாரா, பேர் வாங்கத்தான், இல்லாவிட்டால் வீட்டில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல்தான் என்று நினைத்தேன். ஒருநாள் கூண்டில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டுப் பின்னாலேயே போய் வார்டுக் கதவோரம் நின்று பார்த்தேன். மாமியார் ஒரு கிழவரின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய் அங்கே இருந்த ஆளிடம் சொன்னார்:

"நான் உங்களுக்கு யாரும் இல்லைங்க. வாசல்ல அக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். பிடிக்கலைன்னா எழுந்து போயிடறேன்."

வாசலில் பொய், உள்ளே போனதும் முதல் வேலையாக அதை உடைத்துவிடுவது. அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கான்னா தலையணையைத் திருப்பிப் போடு, சூடா இருக்கு" என்றான். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

வீட்டில் எனக்கு வேறு தொல்லை. அவருக்குக் கடவுள் நம்பிக்கை அதிகம். விடிய ஐந்து மணிக்கு எழுந்து, முன் அறையில் கட்டில் விளிம்பில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்பார். பாட்டு கிடையாது, படிப்பு கிடையாது. வேலை சொல்வது போலச் சொல்வார். "மூணாம் வார்டு பதினாலுக்கு இருமல் நிக்கணும். அஞ்சாம் வார்டு ரெண்டாவது படுக்கைக்கு மகன் கிட்டேர்ந்து ஒரு கடுதாசியாவது வரணும். எட்டாவது படுக்கைக்கு இனி தாங்காது, வலி இல்லாம கூப்பிட்டுக்கோ." நடுவில் ஒரு சுவர்தான். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மனைவியிடம், "உங்கம்மா கடவுளுக்கே வார்டு ரிப்போர்ட் கொடுக்கறாங்க, பெரிய டாக்டர் தோத்தார்" என்பேன். அவளும் சிரிப்பாள். மகள் பாட்டியின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடியே மறுபடி தூங்கிவிடுவாள்.

இப்படி ஏழு வருஷம் போனது. அப்போதுதான் அந்த லைன்மேன் வந்து சேர்ந்தான்.

வெளியூர்க்காரன், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது மின்சாரம் அடித்துக் கீழே விழுந்தவன். கூட்டி வந்த கான்ட்ராக்டர் வாசலில் இறக்கிவிட்டுப் போனவன் போனவன்தான். பெற்றவர்கள் இல்லை, வேறு விலாசமும் இல்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே கருகியிருந்தது. மாமியார் அவனுக்குப் பெரியம்மா என்று எழுதச் சொன்னார், எழுதினேன். ஒன்பது நாள் போய் உட்கார்ந்தார். முதல் சில நாள் அவனுக்கு நினைவு இருந்தது. அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவன் ஒன்று சொல்லியிருக்கிறான்: "என்ன ஆனாலும் காலை மட்டும் எடுக்க விடாதீங்க. கம்பம் ஏறலைன்னா நான் ஆளே இல்லை." மாமியாரும் சரி என்று தலையை ஆட்டியிருக்கிறார். இதை அப்போது அவர் எனக்குச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் ஒரு நர்ஸம்மா கூண்டுக்கு ஓடி வந்தார்.

"அண்ணே, அந்த லைன்மேனோட பெரியம்மா உள்ளே போயிட்டாங்களா? டாக்டர் தேடறார். உங்களையும் வரச் சொன்னார், சாட்சிக்கு."

கூண்டைப் பூட்டிவிட்டு அவர் பின்னாலேயே போனேன். வார்டுக்கு வெளியே நடையில் சின்ன டாக்டர் ஒரு காகிதத்தோடு நின்றார். எதிரில் மாமியார்.

"அம்மா, கால் அழுகிடுச்சு. விஷம் மேல ஏறுது. ஆளுக்கு நினைவு இல்லை. காலையில வரைக்கும் விட்டா உயிர் நிக்காது. சொந்தக்காரங்க கைநாட்டு வேணும். யாரும் இல்லைன்னா பெரிய டாக்டர் போடலாம், ஆனா அவர் வெளியூர் போயிருக்கார், நாளன்னைக்குத்தான் வருவார். நல்ல வேளை, நோட்டுல பார்த்தேன், நீங்க இருக்கீங்க."

நல்ல வேளையாம். நான் மாமியாரைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனேன்.

"அத்தை, உண்மையைச் சொல்லிடுங்க. விளையாட்டு போதும்."

"சொன்னா அந்தச் சின்ன டாக்டர் கத்தியைத் தொடுவாரா?"

"தொட மாட்டார். பயந்தவர்."

"அப்ப இவன் செத்துடுவான்."

"செத்தா அது அவன் விதி. நீங்க யாரு அவனுக்கு?"

அப்போதுதான் அவன் கேட்டுக்கொண்டதை அவர் வாய்விட்டுச் சொன்னார். "காலை எடுக்க விடாதீங்கன்னு எங்கிட்ட சொல்லியிருக்கான் மாப்பிள்ளை. நான் சரின்னேன்."

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு போய்க் கட்டை விரலை மையில் தோய்த்து அழுத்தினார். முதல் தடவை ரேகை கலைந்துபோய், டாக்டர் இன்னொரு முறை வைக்கச் சொன்னார். இரண்டாவது தடவை அழுத்தமாக விழுந்தது. அடியில் சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

ஆள் பிழைத்தான். மூன்றாம் நாள் கண் விழித்தான். கையைக் கீழே கொண்டுபோய்த் தடவிப் பார்த்தான். அவன் போட்ட கூச்சல் என் கூண்டு வரை கேட்டது.

"யாருடா எடுக்கச் சொன்னது? எவன் சொன்னான்?"

நர்ஸம்மா, "உங்க பெரியம்மாதான் கைநாட்டு வெச்சாங்க" என்று சமாதானம் சொல்லப் போக, "எனக்கு ஏது பெரியம்மா? நான் ஒத்தை ஆளு!" என்று அவன் தட்டைத் தூக்கி அடித்தான். நாலு மணிக்கு மாமியார் உள்ளே போனார். போக வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. அவன் அவரைப் பார்த்ததும் கத்தவில்லையாம். மெதுவாகத்தான் சொன்னானாம்.

"உங்களை நம்பிச் சொன்னேனே, கிழவி."

அவ்வளவுதான். அதன் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். ஆறு மணி வரை அவர் உட்கார்ந்திருந்தார், அவன் திரும்பவே இல்லை.

மறுநாள் விடிகாலை நான் தானாக விழித்துக்கொண்டேன். என்னவோ சரியில்லை. எழுந்து முன் அறையை எட்டிப் பார்த்தேன். மாமியார் வழக்கம் போலக் கட்டில் விளிம்பில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாய் மட்டும் மூடியிருந்தது. அன்று மட்டுமில்லை, அதற்கடுத்த நாட்களிலும் அப்படித்தான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன அத்தை, ரிப்போர்ட் நின்னுபோச்சு?"

"எதைக் கேக்கறது மாப்பிள்ளை? அவன் வேண்டாம்னு சொன்னதைச் செஞ்சுட்டேன். அவன் ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும், இன்னொருத்தருக்காகப் போய் நிக்க எனக்கு மூஞ்சி இல்லை."

"உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க."

"காலும் அவனுது, உயிரும் அவனுது. எனக்கு எதுல பாத்தியதை?"

ஏழு வருஷம் எப்போது நிற்கும் என்று நான் திட்டிக்கொண்டிருந்த சத்தம். அது நின்றதும் வீடு பூட்டிப் போட்ட வீடு மாதிரி ஆனது.

இதற்கிடையில் வெளியூரிலிருந்து திரும்பிய பெரிய டாக்டர், லைன்மேன் போட்ட கூச்சலைக் கேள்விப்பட்டு விசாரணை வைத்தார். அதற்கு முந்தின நாள் நான் மாமியாரிடம் கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கெஞ்சினேன்.

"அத்தை, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மருமகனுக்குத் தெரியாது, நான் ஏமாத்திட்டேன்னு சொல்லுங்க. உங்களை என்ன செய்யப் போறாங்க? என் வேலை நிலைக்கும்."

"அது முடியாது மாப்பிள்ளை."

"ஏழு வருஷமா வாய் கூசாம சொன்னீங்க!"

"அது ஒருத்தர் பக்கத்துல போய் உட்காரச் சொன்னது. இது நாம தப்பிக்கச் சொல்றது."

"நாம தப்பிச்சா உங்க பொண்ணும் பேத்தியும் சாப்பிடுவாங்க!"

மறுநாள் பெரிய டாக்டர் அறையில் நின்று, ஆதியோடு அந்தமாகச் சொன்னார். பலகையைப் பார்த்தது, தையல்காரர், எல்லாம். வாசல் காவலருக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். "தெரியும். நான் சொல்லித்தான் எழுதினார். முதல் நாளே வேண்டாம்னுதான் சொன்னார்" என்றார். என் மகள் மேடையில் சொன்னது ஒரு வகையில் சரிதான். யார் யாருக்காகவோ பொய் சொன்ன மனுஷி, எனக்காக மட்டும் சொல்லவில்லை.

என்னை வாசலிலிருந்து எடுத்துச் சலவைக்கூடத்தில் போட்டார்கள். இரத்தமும் சீழும் பட்ட துணியைப் பிரித்து அண்டாவில் போடுகிற வேலை. பெரிய டாக்டர் இன்னொன்றும் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். புதுக் காவலனைக் கூப்பிட்டு, "அந்த அம்மா வந்தா விடு. உறவுன்னு எழுதாதே. பார்க்க வந்தவர்னு எழுது" என்றார். ஆக, எனக்குத் தண்டனை, மாமியாருக்கு அனுமதி. நியாயம் எப்போதும் இப்படித்தான் நொண்டும்.

என் மனைவி தாயோடு பேச்சை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். நாலாம் வாரம் அதையும் மீறிக் கத்த வேண்டி வந்தது. லைன்மேனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாள். போக இடமில்லை. மாமியார் ஒரு வண்டி பிடித்து, அவனை ஏற்றிக்கொண்டு நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"இது என்ன அத்தை, சத்திரமா?"

"பெரியம்மான்னு கைநாட்டு வெச்சாச்சு மாப்பிள்ளை. காலை எடுக்கறதுக்கு மட்டும் பெரியம்மா, சோறு போட இல்லைன்னா அது என்ன உறவு?"

வண்டியில் இருந்தபடியே அவன் சொன்னான். "நான் கேட்டு வரலை சார். போற இடம் இல்லைன்னு இந்தக் கிழவி தூக்கிப் போட்டுட்டு வந்தாங்க. ஒரு மாசம். அப்புறம் போயிடறேன்."

"ஒரு மாசம்னு சொல்லி வந்தவங்கதான் உன் பக்கத்துல நிக்கறாங்க, ஏழு வருஷம் ஆச்சு" என்றேன். அவன் சிரித்துவிட்டான். சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

முன் அறைக் கட்டில் அவனுக்குப் போனது. மாமியாரும் என் மகளும் சமையலறையில் பாய் விரித்துப் படுத்தார்கள். மாமியார் அவனுக்குப் புண் துடைத்து, துணி மாற்றி, தட்டில் சோறு வைத்துவிட்டு வருவார். அவன் சாப்பிடுவான். முகம் பார்த்துப் பேச மாட்டான். விடிகாலையில் அவர் சத்தமில்லாமல் முன் அறைக்கு வந்து, ஒரு முக்காலியைப் போட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார். நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதை விடவில்லை. ஆனால் அங்கே யாராவது "எனக்காக வேண்டிக்கம்மா" என்றால், "வேற யாரையாவது கேளுங்க, இப்ப என்னால முடியாது" என்று சொல்லிவிடுகிறார் என்று நர்ஸம்மா வந்து என்னிடம் வருத்தப்பட்டார். ஆள் இளைத்துவிட்டார். கழுத்தெலும்பு தெரிந்தது. கடைசியில் என் மனைவியே பயந்துபோய்ப் பேச ஆரம்பித்தாள். "அம்மா இப்படியே போனா ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் இல்லாத நேரம் பார்த்து நான் அவன் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"என்ன வார்த்தை?"

"பரவாயில்லைன்னு. மன்னிச்சுட்டேன்னு. ஏதோ ஒண்ணு. அவங்க கடவுள்கிட்ட பேசறதை நிறுத்திட்டாங்க. ஆள் கரையறாங்க."

"மனசுல இல்லாததைச் சொல்லவா? பொய்யா? உங்க வீட்டுல அது பழக்கம்தானே சார்."

எனக்கு அடிக்கக் கை வந்தது. ஒற்றைக்கால்காரனை அடித்தான் என்று ஊர் பேசும். எழுந்து வந்துவிட்டேன். கதவு வரை போனவனை அவனே கூப்பிட்டான்.

"சார், அவங்க முன்னாடி என்ன கேப்பாங்க?"

சொன்னேன். வார்டு நம்பர், இருமல், கடுதாசி எல்லாம். அவனைப் பற்றியும் சொன்னேன்: ஒன்பது நாளும் அவன் கால் பிழைக்க வேண்டும் என்றுதான் கேட்டார். உயிரை அல்ல, காலை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்து என் காதால் கேட்டது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகும் பத்து, பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் விடிகாலை நான் டீ போட எழுந்திருந்தேன். முன் அறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்றபடியே காதைக் கொடுத்தேன்.

"கிழவி."

"என்னப்பா?"

"தினமும் வந்து சும்மா உட்காந்துட்டுப் போறீங்களே, எதுக்கு?"

"முழிப்பு வந்துடுது. பழக்கம்."

"மேல லைன் கட்டாயிடுச்சுன்னு உங்க மருமகன் சொன்னாரு."

"ஆமா."

"நான் கட் பண்ணலையே."

"நீ பண்ணலைப்பா. நானே கம்பத்தை விட்டு இறங்கிட்டேன்."

கட்டில் கிறீச்சிட்டது. அவன் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நான் மன்னிக்கலை."

"தெரியும்."

"மன்னிப்பேன்னும் தோணலை. அந்தக் கால் அரிக்குது. இல்லாத கால்! சொறியக் கை போயிடுது. அப்பல்லாம் உங்களைத் திட்டறேன்."

"திட்டு. நல்லாத் திட்டு."

"ஆனா எனக்கு ஒரு வேலை வேணும்."

முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"காது கேக்குதா? ஒரு வேலை வேணும்ங்கறேன். உட்காந்து செய்ற வேலை. அங்கே சொல்லி வைங்க."

"நானா?"

"வேற யாரு? உங்க மருமகனைக் கேக்கச் சொல்லவா? அவரு கடவுளையே நிறுத்தி, எங்கேர்ந்து வர்றீங்க, யாரைப் பார்க்கணும்னு விசாரிப்பாரு."

மாமியார் சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும் இருந்தது. அடுப்படியிலிருந்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன வேலைன்னு விவரமா சொல்லு. மொட்டையா கேக்கக் கூடாது."

"மோட்டார் சுத்தற வேலை தெரியும். ஃபேன், பம்பு, எல்லாம்."

"மோட்டார் சுத்தற வேலை," என்று அவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அந்தக் குரல் என்னிடம் பேசுகிற குரலில்லை. பழைய குரல்.

"மாடிப்படி இருக்கக் கூடாது."

"படி இல்லாத இடம்."

"கக்கூஸ் பக்கத்துல இருக்கணும்."

"கக்கூஸ் பக்கத்துல."

"மேஸ்திரி வாய்த்துடுக்கு பிடிச்சவனா இருக்கக் கூடாது."

"அதெல்லாம் கேட்டா கிடைக்காது. அடுத்தது சொல்லு."

டீ பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நான் துணியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மாமியார் வேண்டுதலில் மூணாம் வார்டுக்குப் போய்விட்டார். மூன்று மாதப் பாக்கி இருந்ததால் அன்று ரொம்ப நேரம் ஆனது. மகள் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, முன் அறைக்குப் போய், வழக்கம் போலப் பாட்டி மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

வேலை கிடைக்க நாலு மாதம் பிடித்தது. சலவைக்கூடத்து மோட்டார்கள் அடிக்கடி எரிந்துபோகும், வெளியே கொண்டுபோய்ச் சுற்றி வருவார்கள். அதை உள்ளேயே செய்ய ஒரு ஆள் வைக்கலாம் என்று மேஸ்திரியிடம் சொன்னவன் நான். அவர் பிறகு பார்க்கலாம் என்றார். மறுபடி சொன்னேன். எழுத்தரிடம் போனேன், அவர் மேலே அனுப்பினார். மேலே போனேன், கீழே அனுப்பினார்கள். என் செருப்பு தேய்ந்தது. கடைசியில் உத்தரவு வந்த அன்று லைன்மேன் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் பார்த்து, "கிழவி, பலிச்சிடுச்சு!" என்று கத்தினான். மாமியார் ஈரக் கையோடு ஓடி வந்து, கூரையைப் பார்த்து ரொம்ப நன்றி என்றார்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். பொறுக்கவில்லை.

"அத்தை, நாலு மாசமா நாய் மாதிரி நடந்தது நானு."

"தெரியும் மாப்பிள்ளை," என்றார். "யாரையும் நம்பாத ஆளு, ஒருத்தனுக்காகப் போய்ப் போய்க் கேட்டீங்களே. அதுக்குப் பக்கத்துல இந்த வேலை கிடைச்சதைக்கூட நான் அவ்வளவு பெரிசா நினைக்கலை."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாப்பாடு ஆகிவிட்டதா என்று கேட்டேன்.